விண்வெளி நிலையக் குடிநீரைச் சோதிப்பது: பை நிரப்புவதிலிருந்து முடிவு சொல்வது வரை

விண்வெளித் தண்ணீரைப் பற்றிச் செயல்திட்டம் செய்ய வரும் மாணவர்கள் முதலில் கேட்பது, "எந்தக் கருவி வேண்டும் சார்?" என்றுதான். கருவியைப் பற்றிக் கடைசியில் கவலைப்படலாம். நான் பார்த்த தவறான முடிவுகளில் பெரும்பாலானவை, தண்ணீர் கருவிக்குள் போவதற்கு முன்பே நேர்ந்துவிட்டவை. பைகளை எந்த வரிசையில் நிரப்பினார்கள், குழாய்முனையை எதைக் கொண்டு துடைத்தார்கள், சிரிஞ்சுக்குள் எவ்வளவு காற்று இருந்தது என்பதிலேயே விடை மாறிப்போயிருக்கும்.

நான் வேலை செய்வது தரையில், ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில். சர்வதேச விண்வெளி நிலையத்தில் நடக்கும் சோதனைகளை, பையும் சிரிஞ்சும் வைத்துக்கொண்டு, மாணவர்களோடு மேசைமேல் பலமுறை செய்து பார்த்திருக்கிறேன். நிலையத்தின் கருவி எங்களிடம் இல்லாத இடத்தில் கூடத்தின் கருவியைப் பயன்படுத்தினோம். நிலையத்தில் என்ன செய்கிறார்கள், மேசையில் அதை எப்படிப் பழகலாம், வரிசை ஏன் அப்படி என்பதை ஒவ்வொரு படியிலும் எழுதியிருக்கிறேன்.

1. எந்தத் தண்ணீர் என்று முதலில் எழுதுங்கள்

நிலையத்தில் எல்லாமே ஒரே தண்ணீர் என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்கப் பகுதியில், அறைக்காற்றைக் குளிர்வித்துப் பிடித்த ஈரமும், சிறுநீரைக் காய்ச்சி வடித்த நீரும் ஒன்றாகச் சுத்திகரிப்பு அமைப்புக்குள் போகின்றன. அங்கே வடிகட்டிப் படுகைகள் உப்புகளையும் பெரும்பாலான கரிமப் பொருட்களையும் பிடித்துக்கொள்கின்றன. அவற்றிலும் தப்பிய சிறு மூலக்கூறுகளை, சுமார் 130 டிகிரி செல்சியஸில் இயங்கும் வினையூக்கி உலை ஆக்சிஜனேற்றம் செய்கிறது. கடைசியில் கிருமி வளராமலிருக்க அயோடின் சேர்க்கிறார்கள்.

ரஷ்யப் பகுதியில் அந்த வேலையை வெள்ளி அயனி செய்கிறது. அங்கே காற்றின் ஈரத்திலிருந்து மீட்ட தண்ணீரும் உண்டு, புரோகிரஸ் சரக்குக் கலம் கொண்டுவந்த தண்ணீரும் உண்டு. இவை போக, அவசரத் தேவைக்காகப் பைகளில் சேமித்துவைத்த தண்ணீர் தனி.

அயோடின் தண்ணீரா வெள்ளித் தண்ணீரா என்பது தெரிந்தால்தான் எந்தச் சோதனை, எந்த வரம்பு, கிருமிச் சோதனைக்கு எந்த முறிப்பான் (நாசினியின் வேலையை நிறுத்தும் பொருள்) என்பதெல்லாம் முடிவாகும். இரண்டையும் தவறிக் கலந்தால் வெள்ளி அயோடைடு வீழ்படிவாகிவிடும். பாதுகாப்புக்கென்று போட்ட இரண்டு பொருளும் குறைந்து, குழாயில் துகள் மட்டும் மிஞ்சும். வெள்ளி மாதிரி எடுத்த சிரிஞ்சிலேயே அயோடின் மாதிரியையும் எடுத்துவிட்டு, "கருவி இரண்டையும் குறைத்துக் காட்டுகிறது" என்று புகார் சொன்ன குழுவை எனக்குத் தெரியும். கருவி சரியாகத்தான் காட்டியது.

2. வரம்புகளைத் தேடி எடுத்து, தாளில் எழுதி ஒட்டுங்கள்

நம் ஊர்ப் பழக்கத்தில் எல்லோரும் உடனே கையில் எடுப்பது ஐஎஸ் 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரத்தை. இங்கே அது பொருந்தாது. அது ஒரு ஊர் மக்கள், குழந்தையும் முதியவரும் சேர்ந்து, வாழ்நாள் முழுக்கக் குடிக்கும் தண்ணீருக்கானது. விண்கல நீருக்கு நாசா தனி வரம்புகள் வைத்திருக்கிறது: எத்தனை நாள் குடிப்பது என்பதைப் பொறுத்து, ஒரே பொருளுக்கு 1 நாள், 10 நாள், 100 நாள், 1000 நாள் என்று நான்கு எண்கள்.

வெள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். 1 நாளுக்கும் 10 நாளுக்கும் லிட்டருக்கு 5 மி.கி., 100 நாளுக்கு 0.6, 1000 நாளுக்கு 0.4. நம் தரத்தில் வெள்ளிக்கு 0.1தான். லிட்டருக்கு 0.3 மி.கி. வெள்ளி இருக்கும் ஒரு பை, ஐஎஸ் 10500படி தோற்றுவிடும். நிலையத்தின் நீண்ட கால வரம்பில்கூடத் தேறிவிடும். குளிர்விப்பானாகப் பயன்படும் எத்திலீன் கிளைக்காலுக்கு 1 நாள் வரம்பு 270, 1000 நாள் வரம்பு 4. ரஷ்யாவின் பழைய மிர் விண்வெளி நிலையத்தில் குளிர்விப்புக் குழாய் கசிந்து இந்தக் கிளைக்கால் காற்றின் ஈரத்தோடு சேர்ந்தது. இது தாளில் மட்டும் இருக்கும் கவலை அல்ல.

நான்கு எண்கள் வைத்திருப்பதன் பயன், தண்ணீர் கெட்டுப்போகும் நாளில் தெரியும். மாற்றுத் தண்ணீர் வந்து சேரும்வரை சில நாள் இதைக் குடிக்கலாமா என்ற கேள்விக்கு உடனே விடை வேண்டும். பக்கத்துத் தெருவிலிருந்து லாரி வராது.

தினசரி வேலைக்குத் தாளில் இருக்க வேண்டியவை இவை. சுத்திகரித்த நீரில் மொத்தக் கரிமக் கார்பன், கூடத்தில் நாங்கள் டிஓசி என்போம், லிட்டருக்கு 3 மி.கி.க்குள். அமைப்புக்குள் அயோடின் 1 முதல் 4 மி.கி. வரை. குடிக்கும் இடத்தில் அயோடின் 0.2 மி.கி.க்குள். பாக்டீரியா ஒரு மி.லி.க்கு 50 காலனிக்குள்; காலனி என்பது பாக்டீரியா வளர்ந்து கண்ணுக்குத் தெரியும் ஒரு புள்ளி. மலக்கழிவு கலந்திருக்கலாம் என்று காட்டும் கோலிஃபார்ம் பாக்டீரியா 100 மி.லி.யில் ஒன்றும் இருக்கக் கூடாது.

அயோடினுக்கு இரண்டு வரம்பு இருப்பதைக் கவனியுங்கள். கிருமியை அடக்க அது வேண்டும். மாதக்கணக்கில் குடித்தால் தைராய்டைப் பாதிக்கும். அதனால் குடிநீர் டிஸ்பென்சரில், தண்ணீர் வெளியே வரும் முன், அதை நீக்கிவிடுகிறார்கள். மாதிரி நீக்கும் இடத்துக்கு முன்னால் எடுத்ததா பின்னால் எடுத்ததா என்று லேபிளில் இல்லாவிட்டால் 2 மி.கி. என்ற எண் நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று யாராலும் சொல்ல முடியாது.

3. டிடிஎஸ் மீட்டரின் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள்

வீட்டில் ஆர்ஓ இருப்பவர்கள் எல்லோரும் டிடிஎஸ் மீட்டரை நம்புகிறார்கள். அது அளப்பது மின்கடத்துதிறன். அதிலிருந்து உப்பின் அளவைக் கணக்கிட்டுக் காட்டுகிறது. நிலையத்தின் சுத்திகரிப்பு அமைப்பிலும் கடத்துதிறன் உணரிகள் உண்டு. எண் கூடினால் தண்ணீர் தானாகவே மறுசுத்திகரிப்புக்குத் திரும்பும். உடனடியாக எச்சரிக்கும் என்பதால் அதன் மதிப்பு பெரிது.

ஆனால் அயனியாகப் பிரியாத எதையும் அது பார்ப்பதில்லை. வகுப்பில் நான் முதலில் செய்துகாட்டுவது இதைத்தான்: ஒரு டம்ளர் ஆர்ஓ தண்ணீரில் மீட்டரை வைத்து எண்ணைக் குறியுங்கள். ஒரு கரண்டி சர்க்கரையைக் கரைத்து மறுபடி பாருங்கள். எண் ஏறக்குறைய அப்படியே நிற்கும். ஆல்கஹால், யூரியா, சிலிக்கான் சேர்ந்த சில கரிமப் பொருட்கள் எல்லாம் இப்படித்தான் மீட்டருக்குத் தெரியாமல் கடந்துபோகும். நிலையத்தின் தண்ணீரில் பயப்பட வேண்டியவை பெரும்பாலும் இந்த வகைதான். ஆகவே கடத்துதிறனை முதலில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அதை வைத்து முடிவு மட்டும் சொல்லாதீர்கள்.

4. பொருட்களை எடுத்துவைத்து, லேபிளை முன்பே ஒட்டுங்கள்

மேசைப் பயிற்சிக்கு வேண்டியவை: வால்வு உள்ள சுத்தமான மாதிரிப் பைகள், கிருமிநீக்கிய பைகள் தனியாக, 1, 10, 60 மி.லி. சிரிஞ்சுகள், 0.45 மைக்ரான் சவ்வு வடிகட்டிகள், மிகத் தூய நீர், அயோடின் மற்றும் வெள்ளிக்கான நிறச்சோதனைப் பொருட்கள், துடைக்கும் துணி, கையுறை, கேமரா. டிஓசி கருவி இல்லாதவர்கள் அந்த மாதிரியை மட்டும் கருவி உள்ள கூடத்துக்கு அனுப்பலாம்.

லேபிளைப் பை நிரம்பிய பிறகு எழுத வேண்டாம். ஈரப் பையில் மை ஓடும். அதைவிட, மிதக்கும் அறையில் ஐந்து ஒரே மாதிரிப் பைகள் ஒன்றை ஒன்று தாண்டிப்போகும். எது எதுவென்று நினைவை நம்ப முடியாது. இடம், சூடான நீரா சாதாரண நீரா, வழிந்தோட விட்ட அளவு, தேதி, நேரம், எந்தச் சோதனைக்கு என்பவை லேபிளில் இருக்கட்டும்.

ஒரு பையில் மிகத் தூய நீரை நிரப்பி, மற்றப் பைகளோடு சேர்த்தே கையாளுங்கள். இதுதான் பிளாங்க். பையும் கையும் துணியும் எவ்வளவு அழுக்கைச் சேர்க்கின்றன என்பதை இது மட்டுமே சொல்லும். நேரமில்லை என்று மாணவர்கள் முதலில் கைவிடுவது இதைத்தான். பின்னால் முடிவில் சந்தேகம் வரும்போது முதலில் தேடுவதும் இதைத்தான்.

5. மாதிரி எடுக்கும் வரிசை

எல்லாம் இங்கேதான் ஆகிறது, கெடுகிறது. நான் பின்பற்றும் வரிசை: துடைத்தல், வழியவிடுதல், கிருமி மாதிரி, டிஓசி மாதிரி, அயோடின் அல்லது வெள்ளி மாதிரி, கடைசியாகத் தரைக்கு அனுப்பும் பை.

குழாய்முனையை முதலில் துடைக்கிறோம். அதன் வெளிப்பக்கம் எத்தனையோ கைகள் பட்ட இடம். துடைக்காமல் எடுத்தால், கை பட்ட பாக்டீரியாவைத் தண்ணீரின் பாக்டீரியா என்று எண்ணுவோம்.

துடைத்த பிறகு ஒரு அளவு தண்ணீரைத் தனிப்பையில் வழியவிடுகிறோம். முனையில் ஒட்டிய கிருமிநாசினியை அது கழுவிவிடும். கழுவாவிட்டால் இரண்டு கேடு: மிஞ்சிய நாசினி கிருமி மாதிரியில் உள்ள பாக்டீரியாவைக் கொன்று எண்ணிக்கையைக் குறைக்கும்; அதே நாசினி டிஓசி மாதிரியில் கார்பனாகக் கணக்காகும்.

எவ்வளவு வழியவிடுவது என்பதை முன்பே முடிவுசெய்து, ஒவ்வொரு முறையும் அதே அளவு விடுங்கள். இரவெல்லாம் குழாயில் தேங்கிய தண்ணீரில் உலோகமும் பாக்டீரியாவும் கூடியிருக்கும். நிறைய வழியவிட்டால் அது போய்விடும், முடிவு அழகாக இருக்கும். ஆனால் காலையில் முதல் காபிப் பையை நிரப்பும் வீரர் குடிப்பது அந்தத் தேங்கிய தண்ணீரைத்தான். இன்று 50 மி.லி., நாளை 200 மி.லி. என்று விட்டால் இரண்டு நாளையும் ஒப்பிடவே முடியாது.

கிருமி மாதிரி அடுத்து வருவதற்குக் காரணம், ஒவ்வொரு பையைப் பொருத்திக் கழற்றும்போதும் முனையை ஒருமுறை தொடுகிறோம். துடைத்த முனை சுத்தமாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டியது இது.

அயோடினையும் வெள்ளியையும் எடுத்த கையோடு அளக்க வேண்டும். அயோடின் பிளாஸ்டிக்குக்குள் ஊறும். வெள்ளி உலோகப் பரப்பில் படியும். பையை ஓரமாக வைத்துவிட்டு மதியம் அளந்தால் பை தின்றது போக மிச்சத்தைத்தான் அளப்பீர்கள். அதனால் நிறச்சோதனைப் பொருட்கள் தயாராகும்வரை இந்தப் பையை நிரப்ப வேண்டாம்.

கைச்சுத்திகரிப்பானைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு குழுவின் டிஓசி விடை லிட்டருக்கு 15 மி.கி. என்று வந்தது. தண்ணீரில் குறை இல்லை. மாதிரி எடுத்தவர் கையைச் சானிடைசரால் துடைத்துக்கொண்டு, கையுறை போடாமல் பையின் வாயைப் பிடித்திருக்கிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 70 சதவீத எத்தனால் ஒரு துளி, அதாவது 0.05 மி.லி., ஒரு லிட்டரில் விழுந்தால் சுமார் 28 மி.கி. எத்தனால். அதில் பாதிக்குச் சற்று அதிகம் கார்பன், 14 மி.கி.க்கு மேல். ஒரே துளி வரம்பை நாலு மடங்குக்கும் மேல் தாண்டவைத்துவிடும்.

நிலையத்தில் இந்தக் கவலை இன்னும் ஆழமானது. அங்கே ஆவியாகும் எதுவும் வெளியே போவதில்லை. துடைத்த துணியிலிருந்து ஆல்கஹால் காற்றுக்குப் போகும், காற்றிலிருந்து ஈரத்தோடு பிடிபடும், சுத்திகரிப்பு அமைப்புக்கு வரும். ஆல்கஹால் கலந்த பொருட்களை அங்கே தவிர்ப்பது அதனால்தான்.

6. அயோடினும் வெள்ளியும்: சிரிஞ்சில் காற்று இருக்கக் கூடாது

2009 ஆகஸ்ட்டில் நிலையத்துக்குப் போன நிறச்சோதனைப் பெட்டியின் முறை எளிமையானது. அளந்த தண்ணீரைச் சிரிஞ்சால் ஒரு சிறு சவ்வு வழியாகத் தள்ளுகிறார்கள். சவ்வில் ஏற்றப்பட்ட வினைப்பொருள் அயோடினைப் பிடித்து மஞ்சளாகிறது. வெள்ளிக்கு வேறு வினைப்பொருள் ஏற்றிய சவ்வு. அந்த நிறத்தின் அடர்த்தியை, பெயின்ட் நிறம் பார்க்கும் வகையைச் சேர்ந்த ஒரு கைக்கருவி அளக்கிறது. சில நிமிடத்தில் விடை.

கண்ணால் நிறம் பார்த்துச் சொல்வதை இங்கே ஏற்காதீர்கள். 0.2க்கும் 0.4க்கும் இடையிலான மஞ்சளை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள்.

சவ்வில் சேர்ந்த மொத்த அயோடினைத் தள்ளிய தண்ணீரின் கன அளவால் வகுத்துத்தான் விடை வருகிறது. சிரிஞ்சு 10 மி.லி. காட்டி, அதில் 1 மி.லி. காற்றாக இருந்தால் விடை பத்தில் ஒரு பங்கு குறையும். 4 மி.கி. என்பது 3.6 ஆகும். தரையில் சிரிஞ்சை நிமிர்த்தித் தட்டினால் குமிழி மேலே வந்துவிடும். நிலையத்தில் மேல், கீழ் கிடையாது. குமிழி தண்ணீரின் நடுவிலேயே நிற்கும். பையைக் கையில் பிடித்துச் சுழற்றினால், கனமான தண்ணீர் வெளிப்பக்கம் ஒதுங்கி, காற்று உள்பக்கம் சேரும். பிறகு மெதுவாக வெளியேற்றலாம்.

மேசையில் இதைப் பழக, சிரிஞ்சைக் கிடையாகவே வைத்து நிரப்பச் சொல்லுங்கள், தட்ட விடாதீர்கள். முதல் நாளில் பாதிப் பேருக்குக் குமிழி இருக்கும். அதே மாதிரியை மூன்று முறை அளந்து விடைகளின் வேறுபாட்டைப் பார்த்தால் அவர்களுக்கே காரணம் விளங்கும்.

இன்னொன்று, அயோடின் தண்ணீரில் ஒரே வடிவில் இருப்பதில்லை. ஒரு பகுதி அயோடைடாக மாறியிருக்கும். மூலக்கூறு அயோடினைப் பிடிக்கும் சோதனை அதைப் பார்க்காது. கிருமியை அடக்குகிறதா என்பது கேள்வியானால் மூலக்கூறு அயோடினை அளந்தால் போதும். தைராய்டுக்கு எவ்வளவு போகிறது என்பது கேள்வியானால் எல்லா வடிவமும் சேர்ந்த மொத்த அயோடின் வேண்டும். எதை அளந்தீர்கள் என்று பதிவில் எழுதுங்கள்.

7. டிஓசி: ஒரு எண்ணைவிட வரிசையான எண்கள்

தண்ணீரில் இருக்கக்கூடிய ஆயிரம் கரிமப் பொருட்களையும் ஒவ்வொன்றாகத் தேட விண்கலத்தில் வழியில்லை. எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது கார்பன். எல்லாவற்றையும் ஆக்சிஜனேற்றம் செய்து, வரும் கார்பன் டை ஆக்சைடை அளந்தால் மொத்தம் எவ்வளவு என்று தெரியும். நிலையத்தில் இதைச் செய்யும் கருவியின் பெயர் டோகா. இப்போதைய வகை 2008 நவம்பரில் போனது. போரான் கலந்த வைர மின்முனையால் ஆக்சிஜனேற்றம் செய்து, வாயுவை அகச்சிவப்பு ஒளியால் அளக்கிறது. சுத்திகரிப்பு அமைப்பிலிருந்து குழாய் வழியாக நேரடியாகவும் மாதிரி எடுக்கும், பையிலிருந்தும் எடுக்கும். வழக்கமாக வாரம் ஒருமுறை.

மேசையில் செய்யும்போது வரிசை இப்படி: முதலில் மிகத் தூய நீரை ஓட்டி, கருவியின் அடிப்படை எண்ணைப் பாருங்கள். பிறகு அளவு தெரிந்த கரைசலை ஓட்டுங்கள். அது சரியான எண்ணுக்கு அருகே வந்தால்தான் மாதிரி. அதன் பின் பிளாங்க் பை. மாதிரியை முதலில் ஓட்டிவிட்டுச் சரிபார்ப்பைப் பின்னால் செய்பவர்கள், விடை பிடிக்காதபோதுதான் கருவியைச் சந்தேகிக்கிறார்கள். விடை பிடித்துப்போனால் சரிபார்ப்பதே இல்லை.

கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடையும் பைகார்பனேட்டையும் கணக்கிலிருந்து நீக்க வேண்டும். அமிலமாக்கி வாயுவை வெளியேற்றுவது வழக்கமான முறை. மறந்தால் காற்றில் திறந்துவைத்த சுத்தமான தண்ணீரும் அழுக்காகத் தெரியும்.

இனி, ஏன் ஒரு எண் போதாது என்பது. 2010ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நிலையத்தின் சுத்திகரித்த நீரில் டிஓசி மெல்ல ஏறத் தொடங்கியது. ஏறத் தொடங்கிய காலத்தில் ஒவ்வொரு வாரத்து எண்ணும் 3 மி.கி.க்குக் கீழேதான் இருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே "தேர்ச்சி". வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தபோது அது எங்கே போகிறது என்பது தெளிவாகத் தெரிந்தது.

என்ன பொருள் என்று டோகாவால் சொல்ல முடியாது; அதற்குக் கார்பன் மட்டுமே தெரியும். தரைக்கு வந்த மாதிரிகளை ஹூஸ்டனில் உள்ள நாசா கூடத்தில் ஆராய்ந்தபோது விடை கிடைத்தது: டைமெத்தில்சிலேன்டையால். வழக்கமாகத் தேடும் பட்டியலில் இல்லாத பொருள். சோப்பு, கிரீம், ஒட்டுப்பசை போன்றவற்றில் உள்ள சிலிகோன் சேர்மங்கள் காற்றில் கலந்து, ஈரத்தோடு சேர்ந்து, உடைந்து இப்படி ஆகின்றன. தண்ணீரில் நன்றாகக் கரையும், அயனியாகாது, வடிகட்டிப் படுகைகள் நிறையும்போது நழுவிவிடும். நச்சுத்தன்மை குறைவு என்பதால் வீரர்களுக்கு ஆபத்து வரவில்லை. படுகைகளை மாற்றிய பிறகு எண் இறங்கியது. பின்னாட்களில் அதே ஏற்றம் மறுபடியும் வந்திருக்கிறது. சிலாக்ஸேன்கள் எனப்படும் அந்தச் சிலிகோன் சேர்மங்களைக் காற்றிலேயே பிடிக்கக் கரி சேர்ந்த வடிகட்டிகளையும் வைத்தார்கள்.

ஆகவே பழைய விடைகளின் வரைபடம் இல்லாமல் புதிய விடையைப் பார்க்காதீர்கள். 1.2 என்பது போன வாரம் 1.1 ஆக இருந்திருந்தால் ஒன்று, 0.3 ஆக இருந்திருந்தால் முற்றிலும் வேறு. கூடவே அதே தாளில் வடிகட்டி மாற்றிய நாள், புதிய ஆட்கள் வந்த நாள், புதிய சரக்கு திறந்த நாள் எல்லாம் குறித்திருக்கட்டும். என் மாணவர்களிடம் நான் மதிப்பெண் போடுவது இந்தத் தாளுக்குத்தான்.

8. கிருமிச் சோதனை: இரண்டு நாள் பொறுமை

நிலையத்தில் சிரிஞ்சால் தண்ணீரை மூடிய வடிகட்டிக் கருவிக்குள் தள்ளி, ஊட்டப்பொருள் சேர்த்து, சுமார் 2 நாள் வைத்து, தோன்றும் புள்ளிகளை எண்ணுகிறார்கள். கோலிஃபார்முக்குத் தனிப் பை, 100 மி.லி. தண்ணீர், நிறம் மாறினால் இருக்கிறது என்று பொருள். இரண்டையும் படம்பிடித்துத் தரைக்கு அனுப்புகிறார்கள்.

மேசையில் எல்லோரும் தடுமாறும் இடம் கன அளவு. கோலிஃபார்முக்கு 100 மி.லி. என்பதால் எண்ணிக்கைக்கும் 100 மி.லி. தள்ளிவிடுகிறார்கள். வரம்பு ஒரு மி.லி.க்கு 50. வரம்பிலேயே இருக்கும் தண்ணீர் 100 மி.லி.யில் 5000 காலனி தரும். வடிகட்டி முழுக்க ஒரே படலமாகிவிடும், எண்ண முடியாது. எண்ணிக்கைக்கு 1 மி.லி.யும் 10 மி.லி.யும் தனித்தனியாக எடுத்து, மிகத் தூய நீரோடு சேர்த்துத் தள்ளுங்கள். எது எண்ணக்கூடியதாக வருகிறதோ அதைக் கணக்கில் எடுங்கள்.

அமைப்புக்குள்ளிருந்து எடுத்த மாதிரியில் அயோடின் இருக்கும். அது பையிலும் தொடர்ந்து கிருமியைக் கொல்லும். சோடியம் தயோசல்பேட் சேர்த்து முறிக்க வேண்டும். வெள்ளிக்குத் தயோசல்பேட்டோடு தயோகிளைகோலேட்டும் வேண்டும். தயோசல்பேட் உள்ள பையைத் தவறியும் அயோடின் சோதனைக்குத் தராதீர்கள். அயோடின் முழுவதும் அயோடைடாகி, விடை பூஜ்யம் என்று வரும். அந்தப் பைகளுக்கு வேறு நிற லேபிள் ஒட்டுங்கள்.

ஊட்டமும் முக்கியம். நிலையத்தின் தண்ணீரில் காணப்பட்டவை ரால்ஸ்டோனியா, பர்கோல்டேரியா போன்றவை. ஊட்டம் மிகக் குறைந்த நீரில் வாழப் பழகியவை. மருத்துவக் கூடத்துச் செழிப்பான ஊடகத்தில் 37 டிகிரியில் வைத்தால் இந்த வகைகளில் பல எழுந்தே வராது. ஊட்டம் குறைந்த ஆர்2ஏ ஊடகத்தில் வையுங்கள். 2 நாளில் எண்ணி, மூடியதைத் திறக்காமல் இன்னும் சில நாள் விட்டு மறுபடி எண்ணிப் பாருங்கள். முடிந்ததும் ஆட்டோகிளேவில் (உயர் அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலனில்) போட்டுத்தான் வெளியே எறிய வேண்டும்.

2009இன் தொடக்கத்தில் நிலையத்தின் புதிய டிஸ்பென்சரிலிருந்து எடுத்த நீரில் பாக்டீரியா எண்ணிக்கை வரம்பைத் தாண்டியது. அடர்ந்த அயோடின் கரைசலால் குழாய்களைக் கழுவி, மறுபடி சோதித்து, தரைக்கு வந்த மாதிரிகளும் தேறிய பிறகுதான் 2009 மே 20 அன்று வீரர்கள் அந்தத் தண்ணீரைக் குடித்தார்கள். சுத்திகரிப்பு நன்றாக இருந்தும் கடைசி ஒரு முழக் குழாய் தண்ணீரைக் கெடுக்க முடியும் என்பதால், குடிக்கும் முனையில் மாதிரி எடுப்பதை எப்போதும் விடாதீர்கள்.

9. தரைக்கு அனுப்பும் பை

நிலையத்துக் கருவிகள் இருக்கிறதா, எவ்வளவு என்று சொல்லும். எந்தப் பொருள் என்று பெயர் சொல்லத் தரைக் கூடம்தான் வேண்டும். உலோகங்களுக்கும் கரிமங்களுக்கும் தனித்தனிக் கருவிகள் அங்கே உள்ளன. ஆனால் கலம் திரும்பும் நாள்வரை பை காத்திருக்கும், திரும்பும் கலத்தில் இடமும் குறைவு. அதற்குள் அயோடினும் வெள்ளியும் குறைந்திருக்கும், ஆவியாகும் பொருட்களும் கொஞ்சம் போயிருக்கும்.

பயிற்சியில் இதைப் பார்க்க, ஒரே நேரத்தில் நிரப்பிய நான்கு பைகளை உடனே, ஒரு வாரத்தில், ஒரு மாதத்தில், மூன்று மாதத்தில் அளக்கச் சொல்கிறேன். எந்தப் பொருள் நிலைக்கிறது, எது நழுவுகிறது என்று கண்ணால் பார்த்தவர்கள், தரை விடையும் நிலைய விடையும் ஒத்துப்போகாதபோது பதறுவதில்லை.

10. விடை வரம்பைத் தாண்டினால்

முதலில் பிளாங்க் பையின் விடையைப் பாருங்கள். அதுவும் கூடியிருந்தால் கோளாறு கையாளுதலில் இருக்கிறது. பிளாங்க் சுத்தமாக இருந்தால் அதே இடத்தில், அதே அளவு வழியவிட்டு, வேறு ஒருவர் மாதிரி எடுக்கட்டும். அதுவும் தாண்டினால் ஒரு படி முன்னால், அதாவது டிஸ்பென்சருக்கு முந்தைய இடத்தில் எடுங்கள். அங்கே சரியாக இருந்தால் டிஸ்பென்சர். அங்கேயும் தவறினால் சுத்திகரிப்பு அமைப்பு.

இந்தச் சோதனைகள் நடக்கும்போதே குடிப்பதைச் சேமிப்புப் பைக்கு மாற்றிவிட வேண்டும். சேமிப்பு எத்தனை நாளுக்கு வரும் என்று எண்ணி, 2ஆம் படியில் எழுதிய 10 நாள், 100 நாள் வரம்புகளோடு பொருத்திப் பாருங்கள். டிஓசி மட்டும் கூடியிருந்தால் எந்தப் பொருள் என்று தெரியாமல் அந்த வரம்புகளைப் பயன்படுத்த முடியாது. மிக மோசமான பொருளாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டுதான் முடிவெடுக்க வேண்டும்.

சந்தேகத்துக்குரிய நாளின் பைகளில் மிச்சம் இருக்கும் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். லேபிளோடு மூடி, தனியாக வைத்து, அடுத்துத் திரும்பும் கலத்தின் பட்டியலில் முதலில் அதைச் சேருங்கள்.